டர்போவை மாற்றுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது பதினைந்து வருடப் பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், மேனுவல் கியர். 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வாங்கியபோது லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது. இப்போது எட்டரையைத் தாண்டுவதில்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிட்டேன், இன்ஜெக்டர் கிளீனரும் ஊற்றிப் பார்த்தேன். பலன் இல்லை. எஞ்சின் லைட் எரியவில்லை. பிக்கப் கொஞ்சம் மந்தம். காலையில் டெம்பரேச்சர் முள் மேலே ஏற ரொம்ப நேரம் ஆகிறது. முந்தைய உரிமையாளர் ஒரு புளோ-ஆஃப் வால்வு போட்டிருந்தார்; கியர் மாற்றும்போது ‘ப்ஷ்ஷ்’ என்று சத்தம் வரும், கேட்க நன்றாகவே இருக்கிறது. போன வருடம் கொஞ்சம் பெரிய டயர் போட்டேன். டர்போ கெட்டுவிடக்கூடாது என்று, எப்போது வண்டியை நிறுத்தினாலும் மூன்று நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன். மெக்கானிக் டர்போவை மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே நான்கு துப்புகள் இருக்கின்றன: மெதுவாக ஏறும் முள், ‘ப்ஷ்ஷ்’ சத்தம், பெரிய டயர், மூன்று நிமிட ஐடில். நான்கில் ஒன்றுகூட டர்போவைக் கைகாட்டவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தேய்ந்தால் இழுவை குறையும், நீலப் புகை வரும், ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும், எண்ணெய் குறையும். பெட்ரோல் அதிகம் செலவாவது அதன் முதல் அடையாளம் அல்ல. உள்ளே போகும் காற்றைப் பொறுத்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. டர்போ குறைவாகத் தள்ளினால் பெட்ரோலும் குறைவாகத்தான் போகும். இழந்த இழுவைக்காக நீங்கள் கூடுதலாக மிதிப்பதில் கொஞ்சம் செலவாகலாம், அவ்வளவுதான்.

பழைய வண்டியில் மைலேஜ் பெரும்பாலும் ஒரே காரணத்தால் போவதில்லை. அங்கே மூன்று சதவீதம், இங்கே ஐந்து, இன்னொரு இடத்தில் பத்து என்று ஒழுகிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரு பொருளை மாற்றியதும் வித்தியாசம் தெரியாமல் போகிறது; அடுத்த பொருளை மாற்றத் தோன்றுகிறது. பாகங்களை வாங்குவதை நிறுத்திவிட்டு, அளப்பதில் இருந்து தொடங்குவோம்.

முதலில், அந்த எட்டரை என்ற எண் எங்கிருந்து வந்தது? டேஷ்போர்டு காட்டுவது என்றால் அதை நம்பாதீர்கள். அது இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் போடும் கணக்கு. பழைய இன்ஜெக்டரில் அந்தக் கணக்கு நழுவும். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், நாசில் தானாக முதல்முறை நின்றதும் நிறுத்தி, ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் கணக்கு எடுங்கள். ஒரு டேங்க் போதாது, மூன்றின் சராசரி வேண்டும்.

அதில் டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடோமீட்டர் சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. 205/55 ஆர்16 இருந்த இடத்தில் 205/60 ஆர்16 போட்டால் டயரின் விட்டம் சுமார் 632 மில்லிமீட்டரிலிருந்து 652 ஆகிறது. அதாவது உண்மையில் 103 கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது மீட்டர் 100 என்றுதான் சொல்லும். உங்கள் மைலேஜில் மூன்று சதவீதம் காகிதத்தில் மட்டும் காணாமல் போயிருக்கலாம். கைபேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்து நீண்ட தூரம் ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய டயர் அகலமாகவும் கனமாகவும் இருந்தால் உண்மையான நஷ்டமும் உண்டு, அது வேறு.

சரி, இப்போது அந்த டெம்பரேச்சர் முள். எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் சூடாகும்வரை கம்ப்யூட்டர் கூடுதலாகவே பெட்ரோலை விடும். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கும், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் கூலன்ட் ஆரம்பத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். 90 டிகிரியில் இருக்க வேண்டிய எஞ்சின் 65, 70-ல் தவழும். கம்ப்யூட்டருக்கு அது இன்னும் குளிர்ந்த எஞ்சின்தான். குட்டிக் குட்டிப் பயணங்களே அதிகம் என்றால் வண்டி பாதி நேரம் இந்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெயும் சூடாகாமல் கெட்டியாக இருப்பதால் உராய்வு வேறு.

சோதிக்கக் கருவி தேவையில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ்களில் எஞ்சினிலிருந்து வருவதை, பெரும்பாலும் மேலே இருப்பதை, அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் அந்த ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் தெர்மோஸ்டாட் மூடவில்லை என்று பொருள். நெடுஞ்சாலையில் காற்று அடிக்கும்போது முள் கீழே இறங்கினாலும் அதே கதைதான்.

முள் நடுவில் நின்றுவிட்டால் எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். பல கார்களில் 75 டிகிரியிலிருந்து 105 வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பயப்படக்கூடாதே என்று. உண்மையான வெப்பநிலையை, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தப் பிளக்கில் சொருகி, கைபேசியில் பார்க்கும் சிறிய கருவியே போதும். இன்னொரு சோதனையும் உண்டு: இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் இருபது டிகிரி குறைவாகக் காட்டினால் தெர்மோஸ்டாட் நிரபராதி, வெப்பநிலை சென்சர்தான் பொய் சொல்கிறது.

லைட் எரியவில்லையே என்கிறீர்கள். இதற்கென்றே பி0128 என்று ஒரு பிழைக் குறியீடு இருக்கிறது. ஆனால் நினைத்த வெப்பத்தை நினைத்த நேரத்துக்குள் எட்டவில்லை என்றால்தான் அது விழும். அரைகுறையாகத் திறந்து கிடக்கும் தெர்மோஸ்டாட் அந்த வெப்பத்தை எப்படியோ எட்டிப்பிடித்துத் தப்பித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் லைட் எரிய ஒரு எல்லையைத் தாண்ட வேண்டும். மைலேஜ் போக அந்த எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ‘ப்ஷ்ஷ்’. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் வரும் குழாயில் வயர் சொருகிய ஒரு சென்சர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சராக இருக்கும். அதன் கணக்குப்படிதான் பெட்ரோல் போகிறது. நீங்கள் கியர் மாற்றக் காலை எடுத்ததும் திராட்டில், அதாவது எஞ்சினுக்குக் காற்றை விடும் கதவு, மூடிக்கொள்கிறது, டர்போ தள்ளிய காற்று போக வழியில்லாமல் நிற்கிறது. கம்பெனி போட்ட வால்வு அந்தக் காற்றை மறுபடி டர்போவின் வாய்க்கே, அதாவது சென்சருக்குப் பின்னால், திருப்பி அனுப்பிவிடும். கணக்கு கெடாது. உங்களிடம் இருக்கும் வால்வோ அதை வெளியே ஊதிவிடுகிறது. ஏற்கெனவே எண்ணப்பட்ட காற்று வெளியே போய்விட்டது. அதற்கான பெட்ரோல் மட்டும் சிலிண்டருக்குப் போகிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இது நடக்கிறது. சைலென்சர் வாயில் விரலை விட்டுத் தடவினால் கறுப்புக் கரி ஒட்டும். கேட்க நன்றாக இருக்கிறது என்பது உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் பழைய வால்வையோ காற்றைத் திருப்பி அனுப்பும் வேறொன்றையோ போட்டுவிடுங்கள். உங்கள் கார் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் இல்லாமல், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் வகை என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, சத்தத்தை ரசிக்கலாம்.

அதே கணக்குத்தான் ஹோஸ் கசிவுக்கும். டர்போவிலிருந்து, காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து திராட்டிலுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள் பதினைந்து வருடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறித் தளர்ந்திருக்கும். விரிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒட்டி இருக்கும். ஐடிலில் பார்த்தால் மூடிக்கிடக்கும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறியதும் உதடு பிரிவதுபோல் திறந்து காற்றை விடும், காலை எடுத்ததும் மூடிக்கொள்ளும். அதனால் பானெட்டைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்து “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வதில் பயன் இல்லை. எஞ்சின் ஆறிய பிறகு ஒவ்வொரு ஹோஸின் அடியிலும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தால் காற்று அங்கேதான் வெளியேறுகிறது. உறுதி செய்ய, குழாய்க்குள் புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அல்லது டர்போ வாயை அடைத்து, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரால் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். காரின் வழக்கமான பூஸ்ட் அழுத்தத்தைத் தாண்டி ஏற்றக்கூடாது. உங்கள் பிக்கப் மந்தத்துக்கும் காரணம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

திராட்டிலுக்கு அப்பால் இருக்கும் கசிவு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஐடிலில் அங்கே உறிஞ்சல் இருப்பதால், எண்ணாத காற்று உள்ளே வரும். எண்ணெய் ஊற்றும் மூடியை ஐடிலில் கழற்றிப் பாருங்கள். மூடி பலமாக உள்ளே இழுத்துக்கொண்டு, விசில் சத்தமும் வந்தால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வின் டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் தகடு) கிழிந்திருக்கலாம். இந்த வயது டர்போ கார்களில் அது அடிக்கடி பார்க்கும் சங்கதி.

இதையெல்லாம் ஊகிக்காமல் தெரிந்துகொள்ள ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடையில், என்பதுதான் எஞ்சின் பிடிக்க நினைக்கும் அளவு. ஆக்சிஜன் சென்சர் சொல்வதை வைத்துத் தன் கணக்கை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது என்பதுதான் டிரிம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, லாங் டேர்ம் டிரிம், அதாவது நீண்ட நேரத்தில் கற்றுக்கொண்ட திருத்தம், கூட்டலிலோ கழித்தலிலோ ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். பத்தைத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. ஐடிலில் கூட்டலில் நின்று 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்கு இறங்கினால், திராட்டிலுக்கு அப்பால் காற்று நுழைகிறது. வேகம் கூடக்கூட கூட்டலும் ஏறினால் அழுக்கான மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் அல்லது பலவீனமான பெட்ரோல் பம்ப். கழித்தலில் நின்றால் எங்கிருந்தோ வேண்டாத பெட்ரோல் வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் இருப்பது, அல்லது பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர். ரெகுலேட்டரில் மெல்லிய வேக்கம் ஹோஸ் இருந்தால் அதைக் கழற்றி மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வேறு சோதனையே வேண்டாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரிம் அதிகமாக இருப்பதாலேயே மைலேஜ் போவதில்லை. சரிகட்டிவிட்டால் கலவை சரியாகத்தானே இருக்கிறது? சரிகட்ட முடியாத இடத்தில்தான் பெட்ரோல் வீணாகிறது. குளிர்ந்த எஞ்சின் அப்படி ஓர் இடம். முழு பூஸ்ட் இன்னொன்று: அந்த வயது கார்களில் பெரும்பாலானவை அப்போது ஆக்சிஜன் சென்சரைக் கேட்பதே இல்லை. மூன்றாவது, அந்தச் சென்சரே தவறாகச் சொல்லும்போது.

டர்போ கார்களில் அந்த மூன்றாவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய், கடும் சூட்டில் விரிந்து சுருங்கி, காலப்போக்கில் விரிசல் விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் நின்றுவிட்டால் அதைச் சந்தேகியுங்கள். அந்த விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால், சென்சர் அதைப் பார்த்துக் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி இன்னும் விடும். டர்போவைச் சுற்ற வேண்டிய வாயுவும் வெளியே போவதால் இழுவை மந்தமாகும். பழி எப்போதும்போல டர்போ மேல் விழும்.

ஆக்சிஜன் சென்சர் இதுவரை மாற்றப்படவில்லை என்றால், இத்தனை கிலோமீட்டரில் அதற்கும் வயதாகிவிட்டது. கெட்டுப்போகாவிட்டாலும் பதில் சொல்லும் வேகம் குறையும். ஆனாலும் கசிவுகளை அடைத்த பிறகே அதற்குப் போங்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிரேக் பெரிதாகப் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக்கை அழுத்தும் காலிப்பரின் ஊசி சிக்கி, பிரேக் உரசிக்கொண்டே வருகிறது. டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு வைத்திருங்கள். நான்கிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் பத்து பிஎஸ்ஐ குறைவாக ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் ஆயில் புத்தகத்தில் சொன்ன கிரேடுதான். பழைய எஞ்சின் என்று கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் அதுவும் கொஞ்சம் தின்னும். ஏர் ஃபில்டர் மாற்றியும் பலன் இல்லை என்றீர்கள், அதில் ஆச்சரியமில்லை. 2009-ல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்தபோது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டர் வேகமெடுப்பதைத்தான் பாதித்தது, மைலேஜைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு.

பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் ஸ்டிக்கரில் என்ன ஆக்டேன் எழுதியிருக்கிறது பாருங்கள். அதற்குக் குறைந்ததைப் போட்டால் எஞ்சினில் நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறி எரிந்து தட்டும் சத்தம், வரும். நாக் சென்சர் அதைக் கேட்டு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். அதே பெட்ரோலில் கிடைக்கும் வேலை குறையும். மலிவாக வாங்கியது மைலேஜில் போய்விடும். எழுதியிருப்பதைவிட உயர்ந்ததைப் போடுவதால் பொதுவாகப் பெரிய லாபம் இல்லை.

இனி உங்கள் மூன்று நிமிடம். ஐடிலில் இப்படி ஒரு எஞ்சின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் வரை குடிக்கும். நாளுக்குப் பத்து முறை நிறுத்தினால் அரை லிட்டர் நின்ற இடத்திலேயே போகிறது. அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது: விரட்டி ஓட்டி உடனே அணைத்தால், சூடான டர்போவுக்குள் நின்றுபோன எண்ணெய் கருகிக் கரியாகும். ஆனால் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலே டர்போ ஆறிவிடும், நிறுத்தியதும் அணைக்கலாம். நெடுஞ்சாலையில் அடித்து ஓட்டி நேராக நிறுத்தினால் மட்டும் ஒரு நிமிடம் கொடுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி இரண்டு விஷயம். பூஸ்ட் பலமாக ஏறும்போது எக்ஸாஸ்ட் வாயுவைக் குளிர்விக்கவும் நாக்கிங்கைத் தவிர்க்கவும், கம்ப்யூட்டர் வேண்டுமென்றே 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவுக்குக் கூடப் பெட்ரோலைக் கூட்டும். பெட்ரோலே அங்கே குளிரூட்டியாக எரிகிறது. ஆகவே முக்கால் மிதியிலேயே எப்போதும் இருந்தால் எந்த ரிப்பேரும் உதவாது. அதே சமயம் பூஸ்ட்டுக்குப் பயந்து டாப் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் திணறடிப்பதும் தப்பு. இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரலில் தள்ளாதீர்கள். கியரிலேயே காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் முழுவதுமாக மூடிக்கொள்ளும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் ஐடிலுக்கான பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும்.

இவ்வளவையும் செய்து 11, 12-க்குத் திரும்பினால் அதோடு நில்லுங்கள். அந்தத் தலைமுறை டர்போ எஞ்சின்கள் பலவற்றில் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது, 8.5-லிருந்து 9.5 வரைதான். நாக்கிங்குக்குப் பயந்து குறைத்து வைத்தார்கள். டர்போ வேலை செய்யாத மெதுவான ஓட்டத்தில் அந்தக் குறைந்த விகிதம் மைலேஜைத் தின்னும். 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற அமெரிக்க டர்போ கார் 10.25 வைத்துத் துணிந்து பார்த்தது. அதற்காகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனி டேங்கே வைக்க வேண்டியிருந்தது. நேரடி இன்ஜெக்ஷன் வந்த பிறகுதான் இன்றைய டர்போக்கள் பத்தைத் தாண்டியும் நிம்மதியாக ஓடுகின்றன. உங்கள் காரிடம் புதிய காரின் மைலேஜை எதிர்பார்க்க வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: இந்த வாரமே ஐடில் பழக்கம், டயர் காற்று, ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் சோதனை. பிறகு தெர்மோஸ்டாட், புளோ-ஆஃப் வால்வு. அதற்குப் பிறகு ஸ்மோக் டெஸ்ட், டிரிம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு டேங்காவது ஓட்டிக் கணக்கு எழுதுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இழுவை வரவில்லை என்றால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று எக்ஸாஸ்ட் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

டர்போவை அதற்கும் பிறகு பார்க்கலாம். எஞ்சின் ஆறிய பின் காற்று வரும் குழாயைக் கழற்றி, டர்போவின் சக்கரத்தை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இயல்பானது. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கையின் நுனி உறையில் உரசிய கீறல் தெரிந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் டர்போவை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். எண்ணெய் போகும் மெல்லிய குழாயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய குழாயில் கரி அடைத்திருந்தால் புதிய டர்போவும் எண்ணெய் கிடைக்காமல் சீக்கிரமே போய்விடும்.